மூன்றாம் ஓலை

1947 ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டி கூடியது. ஒரே பொருள்தான். அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி சென்னையில் சபைகள் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆகப்போகிறது. அன்றைக்குச் சாலேம்புரத்தில் நாம் என்ன செய்வது? இரண்டரை மணி நேரம் பேசி, கோயில் மணி அடிப்பது என்று தீர்மானித்தோம். எத்தனை மணிக்கு அடிப்பது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். பதினோரு வருஷமாக இந்தக் கமிட்டிக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம், இந்த ஒன்பது பேரை முடியாது.

வீட்டுக்கு வந்தால் ஏதேன்குளத்திலிருந்து சம்மந்தியம்மாள் தெபோராளும் மாப்பிள்ளை தீத்துவும் காத்திருந்தார்கள். தீத்து இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். லீவில் வந்திருக்கிறான். அக்டோபர் ஏழாம் தேதி தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் கலியாணத்தை முடித்து என் மகள் மனோரஞ்சிதத்தைக் கையோடு கூட்டிப் போக வேண்டுமாம்.

"அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சித்தான் மாமா" என்றான்.

அக்டோபர் இரண்டு, வியாழன் என்று நாள் குறித்தோம். நான் ஒரு யோசனை சொன்னேன்: தீத்து முதலில் போய் வீடு வாசல் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு, அந்த இரண்டு வருஷம் கழித்து வந்து கட்டிக்கொண்டால் என்ன? யோசனைதான். தெபோராள் அம்மாள் கூரையைப் பார்த்தார். மனோரஞ்சிதம் வந்து காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒருவரும் குடித்து முடிக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கலியாணத்துக்கு ரேஷன் சீனி பெர்மிட் வாங்கத் தாலுகா ஆபீஸ் போனேன். கலியாணம் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கலியாணம் இன்னும் நடக்கவில்லை என்றேன். நடந்த பிறகு வாருங்கள் என்றார்கள். சுதந்திரம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏதேன்குளத்துக்காரர்களோடு கூட்டுக் கமிட்டி. இருபத்தேழாம் தேதி ஸ்தோத்திர ஆராதனையை இரண்டு ஊரும் சேர்ந்து எங்கள் கோயிலில் நடத்துவதாக ஏற்பாடு. பேச்சு மெழுகுவர்த்தியில் வந்து நின்றது.

பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து இரண்டு மிஷன் சங்கங்கள் இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்தன. ஒரு சங்கம் சாலேம்புரத்தில் கோயில் கட்டியது, இன்னொன்று மூன்று மைல் தள்ளி ஏதேன்குளத்தில் கட்டியது. இரண்டு கோயிலுக்கும் ஒரே பிஷப். ஒரே ஜெபப்புத்தகம். ஆனால் நாங்கள் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், அவர்கள் ஏற்ற மாட்டார்கள். நாங்கள் ஏற்றுவது ரோமாபுரி வழக்கம் என்பார்கள். அவர்கள் கோயில் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று நாங்கள் சொல்லுவோம். இந்த நிலையில்தான் பிஷப்பே இல்லாத காங்கிரிகேஷனல்காரர்களோடும் மெதடிஸ்டுகளோடும் ஒன்றாகப் போகிறோம்.

ஒரு மணி நேரம் கழிந்து சமரசம் வந்தது. மெழுகுவர்த்தி பீடத்தில் இருக்கும், ஆனால் எரியாது. எரியாத மெழுகுவர்த்திக்காக இவ்வளவு தொண்டை வறண்டது எனக்கு இதுவே முதல் தடவை. மனோரஞ்சிதம் மினிட் எழுதினாள். எல்லாரும் கத்தியதை நான்கே வரியில் எழுதிவிட்டாள். படித்தால் ஏதோ பரிசுத்தவான்கள் கூடிப் பேசியது போல இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் கோயிலிலும் மாப்பிள்ளை கோயிலிலும் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பது எங்கள் முறை. என் காலத்தில் ஒருவரும் எழுந்து எதுவும் சொன்னதில்லை. ஒரு தடவை ஒருவர் எழுந்தார், எல்லாருக்கும் மூச்சு நின்றுவிட்டது. அவர் வெற்றிலை துப்பப் போனார்.

எங்கள் குருவானவர் அருமைநாயகம் ஐயர் நல்ல மனுஷன், ஆனால் எதையும் நிதானமாகத்தான் செய்வார். "சாலேம்புரம் சுவிசேஷமுத்து வாத்தியார் குமாரத்தி மனோரஞ்சிதம்" என்று வாசித்து, தடையைக் கேட்டுவிட்டு வழக்கத்தைவிட நீளமாக நிறுத்தினதாக எனக்குப் பட்டது. என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இந்த வீட்டில் இப்படி நடந்ததே கிடையாது. பெண்ணுக்குக் கலியாண யோசனை, வேறென்ன.

செப்டம்பர் 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. மனோரஞ்சிதம் நினைவாக எடுத்து அனுப்பினாள். அவளுடைய அம்மா இறந்து போன இந்த ஆறு வருஷமாக எது எங்கே இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது என்பதுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பந்தல்காரரைப் பார்க்கத் தீத்து வந்தான். அவனைப் பார்த்ததும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. எப்படி இத்தனை நாள் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது.

நாம் இப்போது இருப்பது இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்ந்த ஒரே திருச்சபை மாகாணம். கல்கத்தாவில் அதன் தலைமைப் பேராயர். இங்கிலாந்துச் சபையிலிருந்து பிரிந்து தனி மாகாணமாகிப் பதினேழு வருஷம்தான் ஆகிறது. அதிலிருந்து தெற்கே உள்ள நான்கு அத்தியட்சாதீனங்கள், அதாவது நான்கு பிஷப்மாரின் டையோசீஸ்கள் மட்டும் இருபத்தேழாம் தேதி விலகிப் புதுச் சபையில் சேருகின்றன. இலங்கை சேரவில்லை, பழைய மாகாணத்திலேயே இருக்கிறது. ஆகவே மனோரஞ்சிதம் ஒரு சபையில் கலியாணம் செய்து இன்னொரு சபைக்குப் போகிறாள். அங்கே இவர்கள் கலியாணத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? இதைத் தீத்துவிடம் விளக்கினேன். சிலேட்டில் படம் போட்டே காட்டினேன்.

"மாமா, அங்க தோட்டத்துக் கோயில்ல இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாவ. மழை விட்டுச்சா, கால்ல அட்டை கடிச்சிச்சான்னுதான் கேப்பாவ."

"உன் பெஞ்சாதி எந்தச் சபைன்னு பாதிரியார் கேட்டா என்னடே சொல்லுவே?"

"வேதக்காரின்னு சொல்லுவேன்."

வெறும் கிறிஸ்தவள் என்றால் போதுமாம். இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சபை ஒழுங்கு என்றால் என்னவென்றே தெரியவில்லை. மனோரஞ்சிதம் அடுப்படியில் சிரித்தது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பிஷப்பின் டையோசீஸ் ஆபீசுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினேன். ஒன்றும் பெரிய விஷயமில்லை. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் பழைய சபையில் வாசிக்கப்பட்டன. மூன்றாம் ஓலை இருபத்தெட்டாம் தேதி, அதாவது புதுச் சபையில் வாசிக்கப்படும். இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்றாகுமா, அல்லது புதிதாக மூன்று வாசிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது. செயலாளர் வீட்டுக் கலியாணமே ஒழுங்கில்லாமல் நடந்தது என்று ஏதேன்குளத்தார் பேசுவதற்கு இடம் வைப்பானேன்?

கமிட்டிக் கடிதங்களை வழக்கமாக மனோரஞ்சிதம்தான் நகல் எடுப்பாள். அவளுக்கு வேலை அதிகம் என்று இதை நானே எழுதினேன். தபால்காரர் வாசலுக்கு வந்தும், சந்தை வரைக்கும் நடந்து போய் நானே பெட்டியில் போட்டேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 25, வியாழன்

பதில் இல்லை. ஆபீஸ் முழுவதும் சென்னைக்குப் புறப்பட்டுப் போயிருக்கும். வராவிட்டால் வராமலே போகட்டும்.

செப்டம்பர் 27, சனி

காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. ஏழரைக்கு என்று தீர்மானம். கயிறு அறுந்துவிட்டது.

ஏதேன்குளத்தார் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். எரியாத மெழுகுவர்த்தி இரண்டையும் எல்லாரும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் பிரசங்கத்தில் "இன்று முதல் நாம் ஒன்று" என்றார். ஆராதனை முடிந்து அவர்கள் வேப்பமரத்தடியிலும் நாங்கள் புளியமரத்தடியிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புதுச் சபையின் முதல் ஞாயிறு. விண்ணப்பத்தில் ஐயர் பழக்கதோஷத்தில் கல்கத்தாத் தலைமைப் பேராயருக்காக ஜெபித்துவிட்டார். ஞாபகம் வந்து நிறுத்தி, புதுச் சபையின் தலைவரான மாடரேட்டருக்காகவும் ஜெபித்தார். இரண்டு பேருக்கும் நன்மைதான்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை இல்லை. மனோரஞ்சிதம் பெண்கள் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை.

பந்தலுக்கு நாளை கால் நடுகிறார்கள். சீனி வந்துவிட்டது. ஆபீசிலிருந்து எதுவும் வரவில்லை, நல்லது.

செப்டம்பர் 30, செவ்வாய்

வந்துவிட்டது.

எனக்கு அல்ல, ஐயருக்கு. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கே வந்து, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "சாலேம்புரம் சேகரச் செயலாளரின் இம்மாதம் 22ஆம் தேதிக் கடிதத்தின் பேரில் மேற்படி விவாகத்தைக் குறித்த தடை பதிவு செய்யப்பட்டது. பிஷப் ஐயரவர்கள் சென்னையிலிருந்து திரும்பி முடிவு சொல்லும்வரை விவாகத்தை நடத்தலாகாது."

"தடையா? நான் எங்கேய்யா தடை சொன்னேன்? சந்தேகம் கேட்டேன்!"

ஐயர் கடிதத்தை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். "வாத்தியார், யார் எழுதினதுன்னு நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆபீஸ் நிறுத்திட்டுன்னு மட்டும் சொல்லுதேன். மிச்சத்தை நீங்க சொல்லணும்."

என்ன சொல்ல? ஒரு குமாஸ்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லவா? வீட்டில் போய், "ஆபீஸ்காரங்க எதையோ கிளப்பிட்டாங்க" என்றேன். மனோரஞ்சிதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. "சரிப்பா" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

காலையிலேயே தெபோராள் அம்மாள் வந்துவிட்டார். மூன்று மைல் வெயிலில் நடந்து வந்த முகம்.

"ஆபீஸ் சும்மா நிறுத்துமா? எந்தப் படுபாவி, சம்மந்தி, எழுதிப் போட்டது? எங்க ஊர்க்காரனா, உங்க ஊர்க்காரனா?"

"விசாரிக்கணும்" என்றேன்.

"என்னத்த விசாரிக்க? ஏழாந் தேதி கப்பல் போயிரும். இவன் ஏறலேன்னா வேலை போச்சு, அந்த எடத்துக்கு நாலு பேரு காத்திருக்கான். ஏறிட்டான்னா ரெண்டு வருஷம். அதுக்குள்ள எது எப்படி இருக்குமோ? இப்பவே எங்க மச்சினர், 'தடை விழுந்த பொண்ணு, யோசிச்சிக்கோ'ங்காவ. நான் வாயை மூடுன்னு சொல்லிட்டுத்தான் வாரேன். இன்னும் எத்தனை பேரு வாயை மூட?"

தடை விழுந்த பெண். இந்த ஊரில் அந்தப் பெயர் ஒருத்திக்கு ஒட்டிக்கொண்டால் அப்புறம் எத்தனை சபை ஒன்றானாலும் போகாது. இது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன். இதை ஏன் நான் முதலிலேயே யோசிக்கவில்லை என்று இன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் நிர்வாகம் படு மோசம். ஒரு கடிதத்தை ஒழுங்காகப் படிக்க ஆள் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப் போட வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

இன்றைக்குத்தான் கலியாணம் நடக்க வேண்டியது. ஆட்கள் வந்து பந்தலைப் பிரிக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் மனோரஞ்சிதம் வாசலுக்கு வந்து, "நிக்கட்டும் அண்ணே" என்றாள். பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். எடுப்பதும் மடிப்பதுமாக மத்தியானம் வரைக்கும் அந்தச் சத்தம்.

நாளைக்கு ஆபீசுக்கு நானே போகிறேன். நேரில் போய் இரண்டு கேள்வி கேட்டால்தான் இவர்களுக்கு உறைக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் பஸ்ஸில் போனேன். பிஷப் இன்னும் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் பெரிய ஐயர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் போவதற்கு முன் பதிவாளர் ஐசக் வேதநாயகத்தைப் பார்க்க வேண்டும். வழுக்கைத் தலை, சாந்தமான குரல். எனக்குச் சாந்தமான குரலைக் கேட்டாலே கோபம் வரும்.

நான் அரை மணி நேரம் பேசினேன். சந்தேகம் வேறு, தடை வேறு என்றேன். சபை மாறினாலும் ஓலை செல்லும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சின்னப் பிள்ளைக்கும் தெரியும்னு நீங்களே சொல்லுதீய. அப்புறம் ஏன் சார் எழுதிக் கேட்டீய?"

"ஒழுங்குக்காக."

"இந்த மாதிரி நூத்துக்கணக்குல கலியாணம் இருக்கு சார். எல்லாத்துக்கும் ரெண்டு ஓலை அங்க, ஒரு ஓலை இங்க. எந்தச் சேகரத்துலேருந்தும் ஒருத்தரும் கேக்கலை. கேட்டது நீங்க ஒருத்தர்தான். கையெழுத்தைப் பாத்தேன், பொண்ணோட தகப்பனார். வேற யாராவது கேட்டிருந்தா சந்தேகம்னு பதில் எழுதியிருப்பேன். தகப்பனார், கலியாணத்துக்குப் பத்து நாள் முந்தி, செல்லுமான்னு கேட்டா, அவருக்கு இஷ்டமில்லைன்னுதான நான் எடுத்துக்கிடணும்? வாயாலச் சொல்ல முடியாம எழுதுதாருன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுக்கு ஏதோ கஷ்டம், காப்பாத்தணும்னு நெனச்சித்தான் நிறுத்தினேன்."

இந்த மனுஷனைத் திட்டத்தான் பத்தொன்பது மைல் வந்திருக்கிறேன். சுவரில் பழைய மாகாணத்தின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. ரங்கூனிலிருந்து கொழும்பு வரை எல்லா அத்தியட்சாதீனமும் கலர் கலராக. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஷ்டம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன். படத்தில் ரங்கூன் வரை ஒரு தடவை போய்வந்த பிறகுதான் சொன்னேன்.

மத்தியானம் பெரிய ஐயரிடம் கூட்டிப் போனார். உத்தரவு தயாராகி விட்டது. ஓலை மூன்றும் செல்லும். ஆனால் தடை என்று பதிவாகிவிட்டதால், அதைச் சொன்னவர் வருகிற ஞாயிறு ஆராதனையில் சபை முன் எழுந்து வாயால் வாபஸ் வாங்க வேண்டும். சபை முன் கேட்கப்பட்ட கேள்விக்குச் சபை முன்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அதன் பிறகு திங்கட்கிழமை கலியாணம் நடத்தலாம். செவ்வாய்க்கிழமை கப்பல்.

எழுதிக் கொடுக்கிறேனே என்று கெஞ்சினேன். "எழுதினதாலதான சார் இவ்வளவும்" என்றார் வேதநாயகம்.

அக்டோபர் 4, சனி

திங்கட்கிழமை கலியாணம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. ஊரே பரபரக்கிறது. நாளைக்கு நான் எழுந்து நிற்கப்போவது ஐயருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வாபஸ் வாசகத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது சுத்தமாக அமைந்தது. மனோரஞ்சிதத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை அடுப்படி வரை போனேன். முதல் தடவை தண்ணீர் கேட்டேன். இரண்டாம் தடவை உப்புக் கேட்டேன். எதற்கு உப்பு என்று அவள் கேட்கவில்லை. மூன்றாம் தடவை சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஏதேன்குளத்தாரும் வந்திருந்தார்கள். தடை நீங்கியதற்கு ஸ்தோத்திரம் செலுத்த வந்தார்களாம். கோயில் நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள். வேறு எந்த ஞாயிறும் இப்படி வர மாட்டார்கள்.

அறிவிப்புகளுக்குப் பிறகு ஐயர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். காகிதத்தைப் பிரித்து வாசித்தேன். "கடந்த மாதம் 22ஆம் தேதி என்னால் அனுப்பப்பட்ட கடிதத்தில் கண்ட சந்தேகத்தை, அது தடையாகக் கருதப்பட்ட காரணத்தால், இதன் மூலம் நிபந்தனையின்றி வாபஸ் பெற்றுக்கொள்ளுகிறேன்." நல்ல வாசகம். உட்காரப் போனேன்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு வரிசையாக விளங்க ஆரம்பித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து தெபோராள் அம்மாள் எழுந்துவிட்டார். கோயிலுக்குள் பெண்கள் எழுந்து பேசுவது இரண்டு சங்கத்திலும் கிடையாது.

"நீங்களா சம்மந்தி எழுதினீய?"

ஐயர் தடுப்பார் என்று பார்த்தேன். அவர் ஜெபப்புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

"ஏன் எழுதினீய? எங்க பையன்ட்ட என்ன கொறை கண்டீய?"

"கொறை ஒண்ணுமில்லை. சபை ஒழுங்குப்படி..." என்று ஆரம்பித்தேன். மாகாணம், இலங்கை, இரண்டு ஓலை, ஒரு ஓலை எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. அதை இரண்டு வாரமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தனியா இருக்கப் பயமா இருந்துச்சி" என்றேன். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் இலக்கணத் தமிழ்தான் பேசியிருக்கிறேன். "அவ போயிட்டா அந்த வீட்டுல நான் என்ன செய்வேன்? அதான் எழுதினேன். ஓலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

வெட்கத்தில் தரை பிளந்தால் இறங்கிப் போய்விடுவேன் என்று நின்றேன்.

தெபோராள் அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எனக்கு மட்டும் யாரு இருக்கா? அவன் ஒருத்தன். அவனும் கப்பலேறப் போறான். எனக்கும்தான் பயமா இருக்கு. நான் கடிதாசி எழுதுனேனா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். ஐயர் உடனே பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார். நான் பாடவில்லை.

வீட்டுக்கு வரும்போது மனோரஞ்சிதம் பக்கத்தில் நடந்து வந்தாள். பாதி தூரம் வந்ததும் சொன்னாள்:

"எனக்கு முந்தியே தெரியும்ப்பா."

"எப்படி?"

"மேசையில மை ஒத்துற தாள்ல எழுத்து இடம்வலமாத் திரும்பி இருந்துச்சி. 'ஓலை'ன்னும் 'செல்லுமா'ன்னும். கண்ணாடியில காட்டிப் பாத்தேன். அன்னைக்கே."

"ஏம்மா கேக்கலை? அவ்வளவும் நடந்துச்சே. உனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சி. நிறைய வந்துச்சி. மூணு நாள் உங்க முகத்தையே பாக்கப் பிடிக்கலை." கொஞ்ச தூரம் நடந்தாள். "நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன். நான் கேட்டு, நீங்க 'பயமா இருக்கு'ன்னு என்ட்டச் சொன்னா, அப்புறம் நான் எப்படிப்பா உங்களை விட்டுட்டுப் போவேன்?"

எனக்கு விளங்க நேரமாயிற்று. நான் என் பயத்தை மறைத்து வைத்திருந்த வரை அவளால் கோபப்பட முடிந்திருக்கிறது, பெட்டி கட்ட முடிந்திருக்கிறது. இப்போது சொல்லிவிட்டேன். இதையும் நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கலியாணம் முடிந்தது. எல்லாவற்றையும் எழுத முடியாது, ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஆரம்பம். பத்தரைக்குத்தான் ஆரம்பித்தது. ஐயர் விவாக ஆராதனை ஒழுங்கை நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தார். "இவர்கள் நியாயமாய் இணைக்கப்படக் கூடாதென்பதற்குத் தக்க காரணம் அறிந்தவன் இப்பொழுதே சொல்லக்கடவன்" என்ற இடம் வந்தது. அந்த இடம் வரும் என்பதையே நான் மறந்திருந்தேன். நிறுத்தினார்.

கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாலேம்புரத்தாரும் ஏதேன்குளத்தாரும் ஒன்றுபோல. மணி அடிக்கிற பாக்கியநாதன்கூடக் கயிற்றைப் பிடித்தபடி கதவோரம் எட்டிப் பார்த்தான். இந்த இரண்டு ஊரும் முழுமனதாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வது வழக்கமில்லை. சும்மா இருந்தால் போதும். ஆனாலும் நான், "ஒரு தடையும் இல்லை" என்றேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்துக் குரலில். தீத்து பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அடுத்தது, இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்ற கேள்வி. முன்னால் போய் மனோரஞ்சிதத்தின் வலது கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அதை ஐயர் கையில் கொடுக்க வேண்டும், அவர் அதைத் தீத்துவின் கையில் வைப்பார். ஐயர் கையை நீட்டினார். நான் கொடுக்கிறேன், கை வரவில்லை. பிடித்திருந்தது நான் அல்ல, அவள். முக்காட்டுக்குள்ளே தலை குனிந்தபடி, என் விரல்களை எலும்பு வலிக்கப் பிடித்திருந்தாள். ஐயர் காத்திருந்தார். இரண்டாம் தடவை கையை நீட்டினார். அவள் விடவில்லை.

இரண்டு வாரமாக நான் வேண்டியது இதைத்தான். என் கைக்குள்ளேயே கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நான் சும்மா நின்றிருந்தால் போதும்.

குனிந்து, "போம்மா" என்றேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்து எடுத்து, ஐயர் கையில் கொடுத்தேன்.